விமானப் பொறியியல் படிக்க வருகிறவர்களுக்கு: கவுன்சலிங் முதல் கடைசி வைவா (வாய்மொழித் தேர்வு) வரை

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில் சொந்தக்காரர்களோ, அவர்களுடைய பக்கத்து வீட்டாரோ என்னை அழைப்பார்கள். "பெண் ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், சேர்க்கலாமா?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: அவளுக்கு விமானம் பிடிக்குமா, கணக்கு பிடிக்குமா? விமானம் மட்டும் பிடிக்கும் என்றால் ஜன்னலோர டிக்கெட் ஒன்று எடுத்துக் கொடுங்கள். நான்கு வருடக் கட்டணத்தைவிட மலிவு. இரண்டும் பிடிக்கும் என்றால் மேலே பேசலாம்.

நான் இந்தப் படிப்பைச் சென்னையில் முடித்தேன். இப்போது பெங்களூரில் விமான உறுப்புகள் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் பார்க்கும் வேலை. சேரும்போது எனக்கு யாரும் சொல்லாதவற்றை, சேர்வதற்கு முன்னாலிருந்து தொடங்கி வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று வாசல்கள், மூன்று வேறு வீடுகள்

விமானி, விமானப் பராமரிப்புப் பொறியாளர், விமானப் பொறியாளர். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விமானி ஆவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், மருத்துவத் தகுதி, விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் மத்திய அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகள், வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் ஆகியவையே அந்த வழி. சென்னை குரோம்பேட்டையில் எம்ஐடி எனப்படும் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏரோநாட்டிக்கல் படித்த அப்துல் கலாமே விமானப்படை விமானியாக ஆசைப்பட்டு டேராடூனில் தேர்வுக்குப் போனவர்தான். இருந்த இடங்கள் எட்டு; அவர் வந்தது ஒன்பதாவதாக. பட்டம் கையில் இருந்தும் காக்பிட் கிடைக்கவில்லை.

விமானப் பராமரிப்பு, அதாவது ஏஎம்இ, இன்னொரு வழி. அது டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்து, தேர்வெழுதி, விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் அனுபவம் சேர்த்து வாங்குகிற உரிமம். "இந்த விமானம் பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் அந்த உரிமத்துக்கு உண்டு, பி.இ. பட்டத்துக்குக் கிடையாது. ஏரோநாட்டிக்கல் முடித்துவிட்டு விமான நிறுவனத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்டலாம் என்று நினைப்பவர் சேர வேண்டிய இடம் பொறியியல் கல்லூரி அல்ல.

பி.இ., பி.டெக். படிப்பு விமானத்தை வடிவமைக்கவும், அது உடையுமா என்று கணக்கிடவும், சோதிக்கவும் கற்றுத்தருவது. பெரும்பாலான நாள் மேசையில்தான் கழியும். படிப்பின் பெயரில் "ஏரோநாட்டிக்கல்" என்றிருந்தால் வளிமண்டலத்துக்குள் பறப்பவை, "ஏரோஸ்பேஸ்" என்றால் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். நடைமுறையில் முதல் இரண்டரை வருடம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பாடம். எம்ஐடியிலேயே துறையின் பெயர் ஏரோஸ்பேஸ், பட்டத்தின் பெயர் ஏரோநாட்டிக்கல். பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். "ஏவியானிக்ஸ்" மட்டும் வேறு. அது எலக்ட்ரானிக்ஸ் பக்கம் சாய்ந்தது.

இஸ்ரோதான் குறிக்கோள் என்றால்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இஸ்ரோவுக்குப் போக ஏரோஸ்பேஸ்தான் படிக்க வேண்டும் என்பது தவறு. ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி படித்தது எலக்ட்ரானிக்ஸ். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் மெக்கானிக்கல். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். ஏரோநாட்டிக்கல் படித்துத் தலைவரானவரும் உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளையின் சிவன், 1980இல் எம்ஐடியில் முடித்தவர்.

இஸ்ரோவின் மத்திய ஆட்சேர்ப்பு வாரியம் இளநிலைப் பட்டதாரிகளை விஞ்ஞானியாக எடுக்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கே வருகின்றன. 65 சதவீதம் அல்லது 10க்கு 6.84 தரப்புள்ளி வேண்டும் என்பது அவற்றில் வழக்கமான நிபந்தனை. ராக்கெட் ஒன்றில் வெல்டிங், வால்வு, கம்பி, மென்பொருள் ஆகியவற்றின் பங்குதான் அதிகம். காற்றியக்கம் அறிந்தவர்கள் சிலர் போதும்.

ஏரோஸ்பேஸ் வழியாக இஸ்ரோவுக்குள் நேராகத் திறக்கும் வாசல் திருவனந்தபுரம் வலியமலையில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக ஐஐஎஸ்டி. விண்வெளித் துறையின் கீழ் 2007இல் தொடங்கப்பட்டது. நிர்ணயித்த தரப்புள்ளியோடு முடிப்பவர்களைக் காலியிடத்தைப் பொறுத்து இஸ்ரோ எடுத்துக்கொள்ளும். "காலியிடத்தைப் பொறுத்து" என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடாதீர்கள்.

விண்ணப்பம்

தமிழகக் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தனியாக உண்டு. அதற்கான சான்றிதழைப் பள்ளியிலேயே முன்கூட்டி வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் தலைமையாசிரியர் ஊரில் இருக்க மாட்டார்.

ஐஐடிகளுக்கு ஜேஇஇ மெயின், பிறகு அட்வான்ஸ்டு. சென்னை, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐஐடிகளில் ஏரோஸ்பேஸ் துறை நெடுங்காலமாக இருக்கிறது. கான்பூருக்குத் தனி ஓடுபாதையும் பறத்தல் ஆய்வுக்கூடமும் உண்டு. ஐஐஎஸ்டியும் ஜேஇஇ அட்வான்ஸ்டு அடிப்படையில்தான் எடுக்கிறது. ஆனால் ஐஐடி கவுன்சலிங்கில் அது வராது. அதன் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் இருந்தும் இது தெரியாமல் வாய்ப்பை இழந்தவர்கள் வருடந்தோறும் இருக்கிறார்கள்.

கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள்

விளம்பரத்தாளில் எல்லாக் கல்லூரியிலும் ஒரு விமானம் நிற்கும். அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மாடலின்மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் எங்கே என்று கேளுங்கள். காட்டினால் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தம் அளக்கும் மானோமீட்டரில் தண்ணீரோ எண்ணெயோ இருக்கிறதா, குழாய்கள் மாடலோடு இணைந்திருக்கின்றனவா, மேலே எவ்வளவு தூசு என்று பாருங்கள். நான் படித்த இடத்தில் சுரங்கத்தின் மோட்டார் இரண்டு செமஸ்டர் பழுதாகிக் கிடந்தது. முந்தைய வருட ரெக்கார்ட் நோட்டிலிருந்து அளவுகளை எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அந்த அளவுகளும் அதற்கு முந்தைய வருடத்தவை என்று பிறகு தெரிந்தது.

அடுத்து, மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைத் தனியாகப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். ஏரோடைனமிக்ஸ் யார் எடுக்கிறார், அவர் எத்தனை வருடமாக இருக்கிறார்? மாதிரி விமானம் செய்யும் குழு இருக்கிறதா, அதற்கு இரவில் பட்டறை திறந்திருக்குமா? போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்தால், காரணத்தைக் கேட்டுவிட்டு நகருங்கள்.

நல்ல மெக்கானிக்கல் துறைக்கும் மோசமான ஏரோ துறைக்கும் நடுவே தேர்ந்தெடுக்க நேர்ந்தால் மெக்கானிக்கலை எடுங்கள். முதுநிலையில் ஏரோவுக்கு வந்துகொள்ளலாம். தகைவும் திரிபும் வெப்பமும் பாய்மமும் சரியாகப் படித்தவருக்கு இந்தத் துறையின் கதவு மூடியே இருப்பதில்லை. ஏரோவை அரைகுறையாகப் படித்தவருக்கோ எந்தத் துறையும் எளிதில் திறப்பதில்லை.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதம்

புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். வகையீடு, தொகையீடு, வெக்டார் மூன்றையும் துரு நீக்கி வையுங்கள். பைத்தானில் ஒரு வாய்ப்பாட்டை எழுதி வரைபடம் போடும் அளவுக்குப் பழகுங்கள். கூடவே ஒரே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். உங்களுக்கு இந்தப் படிப்பு பிடிக்குமா என்பதை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையோடு நிறை சுமார் 1,100 கிலோ. இறக்கையின் பரப்பு 16.2 சதுர மீட்டர். அது குறைந்தபட்சம் எவ்வளவு வேகத்தில் பறக்க முடியும்?

மட்டமாகப் பறக்கும்போது லிஃப்ட், அதாவது மேலே தூக்கும் விசை, எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், இறக்கைப் பரப்பு, லிஃப்ட் கெழு ஆகிய நான்கையும் பெருக்கினால் லிஃப்ட் கிடைக்கும். கெழு என்பது இறக்கையின் வடிவத்தையும் அது காற்றைச் சந்திக்கும் கோணத்தையும் பொறுத்த எண். கோணத்தைக் கூட்டக் கூட்டக் கெழுவும் கூடும். ஓர் அளவுக்குமேல் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், கெழு விழும். அதுதான் ஸ்டால். இந்த விமானத்தின் உச்சக் கெழு 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 1,100 பெருக்கல் 9.81, அதாவது 10,791 நியூட்டன். கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. வேகத்துக்குத் தீர்த்தால் வினாடிக்கு 26 மீட்டர், மணிக்கு சுமார் 94 கிலோமீட்டர். விமானியின் கையேட்டில் இருக்கும் எண்ணுக்கு இது பக்கத்தில் வந்துவிடும். ஒரு பக்கத் தாளில் இவ்வளவு நெருங்க முடிகிறது என்பதில் உங்களுக்குச் சிலிர்ப்பு வந்தால் நல்லது.

இப்போது அதே விமானத்தை லடாக்கின் லே நகரத்துக்குக் கொண்டுபோங்கள். விமான நிலையத்தின் உயரம் சுமார் 3,250 மீட்டர். திட்ட வளிமண்டல அட்டவணைப்படி அங்கே அடர்த்தி ஏறக்குறைய 0.89. அதே கணக்கைத் திரும்பப் போட்டால் மணிக்கு 110 கிலோமீட்டர் வருகிறது. வேகம் 17, 18 சதவீதம்தான் கூடியது. ஆனால் அதன் வர்க்கம் 38 சதவீதம் கூடிவிட்டது. ஓடுபாதையில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதை அந்த வர்க்கம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது, மெல்லிய காற்றில் எஞ்சினும் சோர்ந்துவிடும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெல்லியதாகும். லேவுக்கான விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே போய்த் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே என்று முதல் வருடத்தில் அலுத்துக்கொள்ளும்போது லேவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள்: ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அலகு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு இருந்தது. மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். மாற்றுவதற்குத் தவறான எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். விமானி கிளைடர் ஓட்டிப் பழகியவர் என்பதால் கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறக்கினார், யாரும் சாகவில்லை. விடைத்தாளில் அலகை விட்டால் அரை மதிப்பெண்தான் போகும் என்பது கல்லூரி தரும் சலுகை.

முதலாம் ஆண்டு

விமானம் என்ற சொல்லே காதில் விழாது. கணிதம், இயற்பியல், வேதியியல், டிராஃப்டரைச் சுமந்துகொண்டு வரைபட வகுப்பு, பட்டறையில் அரம் போட்டு இரும்பைத் தேய்ப்பது. ஏமாற்றமாக இருக்கும், இருக்கட்டும். கணிதத்தில் மட்டும் அரியர் வைக்காதீர்கள். மூன்றாம் செமஸ்டரில் வரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை அரியரோடு சேர்த்துப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கடினம். சிவனும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்தான். எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் வகுப்பில் கேட்கும் சொல், வலப்பக்கம் நான் ஏற்கெனவே அறிந்த சொல்: ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு, ஸ்ட்ரெய்ன் திரிபு, மொமென்டம் உந்தம், விஸ்காசிட்டி பாகியல். பாதிக்குமேல் பிளஸ் டூவிலேயே படித்தவை, வேறு சட்டை போட்டு வந்து நிற்கின்றன என்று தெரிந்தபோது பயம் தணிந்தது. நோட்டு இருபது பக்கத்தைத் தாண்டவில்லை.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு: நான்கு தூண்கள்

படிப்பின் உண்மையான உடம்பு இதுதான். ஏரோடைனமிக்ஸ் (காற்றியக்கம்), ஸ்ட்ரக்சர்ஸ் (கட்டமைப்பு), புரொபல்ஷன் (எஞ்சினின் உந்துதல்), ஃப்ளைட் மெக்கானிக்ஸ் (பறக்கும் இயக்கமும் நிலைத்தன்மையும்). நான்கையும் தனித்தனித் தாளாக நடத்துவார்கள். ஒன்றில் எடுக்கும் முடிவு மற்ற மூன்றையும் இழுக்கும் என்பது நான்காம் ஆண்டில்தான் புரியும்.

ஏரோடைனமிக்ஸுக்குள் நுழையும்போது பள்ளியில் சொன்ன ஒரு விளக்கத்தை வாசலில் கழற்றி வையுங்கள்: இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்கு அதிக தூரம், பின்விளிம்பில் கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டியிருப்பதால் வேகமாக ஓடுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது என்பது. ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று காற்றுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அளந்து பார்த்தால் மேலே போனது முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. வளைவுதான் காரணம் என்றால் சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பது எப்படி? இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இதைச் சுழற்சி என்ற கருத்தோடு கணிதமாக்குவதுதான் பாடத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதி எல்லைப் படலம். இறக்கையை ஒட்டிய அந்த மெல்லிய அடுக்கில்தான் உராய்வும் ஸ்டாலும் பிறக்கின்றன. எல்லைப் படலத்தை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள்.

ஸ்ட்ரக்சர்ஸ் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டுவேன். கட்டடக்காரர் சந்தேகம் வந்தால் கம்பியைக் கூட்டுவார். விமானத்தில் அது முடியாது. கூட்டிய ஒவ்வொரு கிலோவையும் விமானத்தின் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். அதனால் எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும் என்பதே பொதுவான விதி. 1.5 என்ற அந்த எண்ணை வைத்துக்கொண்டு பயணிகளை ஏற்றுகிறோம் என்றால், சுமையும் பொருளின் வலிமையும் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். வலிமை மட்டும் போதாது. 1954இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு சில மாத இடைவெளியில் வானிலேயே சிதறின. ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, கேபினுக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். ஒரு திறப்பின் மூலையிலிருந்து விரிசல் ஓடியது. ஒருமுறை தாங்கியது ஆயிரமாவது முறை தாங்காது; அதற்குப் பெயர் களைப்பு. விமானத்தில் ஏறினால் ஜன்னல் மூலைகளைப் பாருங்கள், உருண்டையாக இருக்கும்.

புரொபல்ஷனில் வியக்க ஒன்றே போதும்: ஜெட் எஞ்சினின் டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பம், அங்கே சுழலும் தகடு உருகும் வெப்பத்தைவிட அதிகம். தகட்டுக்குள் துளைகள் வழியாக ஓடும் காற்றும் மேற்பூச்சும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. சொந்தமாக ஒரு போர் விமான எஞ்சின் செய்வது ஏன் இவ்வளவு கடினம், 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் ஏன் இன்னும் அமெரிக்க எஞ்சினோடு பறக்கிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி அந்தத் தகட்டில் இருக்கிறது. ஃப்ளைட் மெக்கானிக்ஸைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கையால் கற்பது நல்லது.

கையால் ஒன்று செய்யுங்கள்

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு மாதிரி விமானம் செய்து பறக்கவிடுங்கள். சன்பேக் ஷீட்டோ தெர்மாகோலோ போதும். மோட்டார், சர்வோ, வேகக் கட்டுப்படுத்தி, ரிமோட் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் கிடைக்கும். லிப்போ பேட்டரியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்குமேல் ஏற்றாதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகாதீர்கள்.

எங்கள் முதல் விமானம் நான்கு வினாடி பறந்தது. கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கியது, செங்குத்தாக நின்றது, பின்னால் சாய்ந்து விழுந்தது. மோட்டார் பலமில்லை என்று நினைத்துப் பெரிய மோட்டார் வாங்கினோம். இரண்டாவது மூன்று வினாடி. காரணம் ஈர்ப்பு மையம் பின்னால் இருந்தது. சாதாரண நீள்சதுர இறக்கை கொண்ட விமானத்தில் அது முன்விளிம்பிலிருந்து நாணின், அதாவது இறக்கையின் முன்பின் அகலத்தின், 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பாதுகாப்பு. இறக்கைக்கு அடியில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும். பேட்டரியை நான்கு அங்குலம் முன்னால் தள்ளினோம், பழைய மோட்டாரிலேயே பறந்தது. நிலைத்தன்மை பற்றிய அத்தியாயம் அடுத்த செமஸ்டரில் வந்தபோது எங்கள் குழுவில் யாருக்கும் அது புதிதாக இல்லை.

பறக்கவிடும் முன் சட்டம் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ என்ற தனி வகை. அதற்குமேல் எடை கூடக் கூட நிபந்தனையும் கூடும். எந்த இடத்தில் எவ்வளவு உயரம் வரை அனுமதி என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுகிறது. மீனம்பாக்கத்தைச் சுற்றியிருக்கும் கல்லூரி மாணவர்கள் மைதானம் காலியாக இருக்கிறதே என்று தொடங்கிவிட வேண்டாம்.

மென்பொருள்

வண்ணப் படங்களைக் கண்டு மயங்காதீர்கள். கணினியில் காற்றோட்டத்தைப் போட்டால் சிவப்பும் நீலமுமாக எதையாவது காட்டத்தான் செய்யும். தவறான விடையும் அதே அழகில் வரும். விடை என்ன வரும் என்று முதலில் கையால் மதிப்பிட்டுத் தாளின் மூலையில் எழுதிவிட்டு, பிறகு பொத்தானை அழுத்துங்கள். இலவசமாகவே நிறைய இருக்கின்றன: இறக்கை வெட்டுமுகத்துக்கு எக்ஸ்ஃபாயில், முழு விமான வடிவத்துக்கு நாசாவின் ஓப்பன்விஎஸ்பி, காற்றோட்டத்துக்கு ஓப்பன்ஃபோம். ஆன்சிஸ் மாணவர்களுக்கென்று இலவசப் பதிப்பு தருகிறது. திருட்டுப் பிரதி தேட அவசியமில்லை. இணையத்தில் இருக்கும் ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் பாடங்கள் இந்தத் துறையில் நன்றாகவே இருக்கின்றன. கல்லூரியில் ஆசிரியர் சரியாக அமையாத தாளுக்கு அவைதான் ஆசிரியர்.

மூன்றாம் ஆண்டு முதல் வேலைத் தேடல்

இன்டர்ன்ஷிப்புக்கு மூன்று, நான்கு மாதம் முன்னதாக எழுதத் தொடங்குங்கள். பெங்களூரில் விமான ஆய்வகமான என்ஏஎல், விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் போன்ற பொதுத்துறை இடங்களுக்குக் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழும் துறைத் தலைவரின் கடிதமும் கேட்பார்கள். தனியாரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 மே 30 அன்று சோதனை ராக்கெட் ஏவிய சென்னையின் அக்னிகுல், 2022இல் விக்ரம்-எஸ் ஏவிய ஹைதராபாத்தின் ஸ்கைரூட் போன்றவை உங்கள் மதிப்பெண்ணைவிட நீங்கள் செய்தவற்றைப் பார்க்கும். உடைந்த விமானத்தின் படத்தையும் காரணத்தையும் அனுப்புங்கள்.

முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வில் ஏரோஸ்பேஸுக்குத் தனித் தாள் உண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம்; மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் விஞ்ஞானி பணிக்கும் எம்.டெக். சேர்க்கைக்கும் அதுதான் சாவி. வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: அமெரிக்காவில் ராக்கெட், பாதுகாப்பு சார்ந்த வேலைகளில் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் காரணமாகக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். அங்கே முதுநிலை படிக்கத் தடையில்லை. படித்து முடித்து வேலை தேடும்போதுதான் சுவர் தெரியும்.

கல்லூரிக்கு வரும் நிறுவனங்களில் மென்பொருள் நிறுவனங்களே அதிகம். இந்தத் துறை வேலைகள் பெரும்பாலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும், வெளிநாட்டு நிறுவனங்களின் பொறியியல் மையங்களிலும் அவற்றுக்குச் செய்துகொடுக்கும் நிறுவனங்களிலும் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் உங்கள் கம்ப்யூட்டர் பிரிவு நண்பனுடையதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் வேலை ஆறு மாதம் ஒரு வருடம் தள்ளிப் போகலாம் என்பதையும்.

கடைசி வருடம் வடிவமைப்புத் திட்டம். நான்கு பேர் சேர்ந்து தாளில் ஒரு விமானத்தை முழுதாக வடிவமைக்க வேண்டும். எடை மதிப்பீட்டிலிருந்து தொடங்கும். மற்ற எல்லா எண்ணும் அதன்மேல் உட்காரும். குழுவில் ஒருவர் எடைக் கணக்குக்கு மட்டும் பொறுப்பேற்கட்டும். யார் எதைச் சேர்த்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

எங்கள் வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "வெற்று எடை இவ்வளவு என்று எப்படி எடுத்தீர்கள்?" என்றார். நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சீனியர்களின் அறிக்கையிலிருந்து எடுத்திருந்தோம். "விளக்கம் பக்கம் 43இல் இருக்கிறது, சார்" என்றான் நண்பன், அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. எங்கள் அறிக்கை 38 பக்கம்.